சொந்தமாக ஓர் இயங்குதளம்: எதை எழுதுவது, எதை இரவல் வாங்குவது?

சொந்தமாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுத வேண்டும் என்று இறங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் நானே எழுதுவதா, ஏற்கெனவே இருப்பதை எடுத்து ஒட்டுவதா? நானும் மாட்டினேன். "பிறர் எழுதிய ஒரு வரிகூட வேண்டாம்" என்று வீறாப்பாகத் தொடங்கி, பூட்லோடரிலேயே இரண்டு மாதத்தைத் தொலைத்தேன். இயங்குதளத்தின் மையமான கர்னலை வட்டிலிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவரும் அந்த நிரல் கடைசியில் கைக்கு வந்துவிட்டது. கொண்டுவருவதற்குக் கர்னல்தான் இல்லை.

இயங்குதளம் என்பது ஒரே கல்லில் செதுக்கிய சிலை இல்லை. பூட்லோடர், குறுக்கீடுகள் (சிபியுவை இடைமறிக்கும் சிக்னல்கள்), நினைவக மேலாண்மை, செயல்முறைகள் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்), கோப்பு முறைமை, டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் நிரல்கள்), சி நூலகம் (நிரல்களுக்கும் கர்னலுக்கும் இடையே நிற்பது), ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டுவது) என்று அடுக்கடுக்காக இருக்கிறது. எழுதுவதா இரவல் வாங்குவதா என்ற முடிவையும் அப்படித்தான், அடுக்குக்கு அடுக்கு தனியாக எடுக்க வேண்டும்.

முழுக்க முழுக்கச் சொந்தம் என்று சொல்லப்படுவதையும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01 சுமார் 10,000 வரிகள். கர்னல் அவருடையது. ஆனால் அதை எழுதியதும் கம்பைல் செய்ததும் (இயந்திர மொழிக்கு மாற்றியதும்) மினிக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் ஓடிய கணினியில். கம்பைலர், குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் ஜிசிசி, ஷெல் அதே திட்டத்தின் பாஷ். வட்டில் கோப்புகளை அடுக்கும் முறைகூட மினிக்ஸினுடையதுதான். உலாவிவரை எல்லாவற்றையும் தாங்களே எழுதுவோம் என்று 2018-இல் கிளம்பிய செரினிட்டிஓஎஸ்கூட பிறர் எழுதிய கம்பைலரில்தான் உருவானது. ஆக, எல்லாரும் இரவல் வாங்குகிறார்கள். எதை வாங்குகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

படி 1: எதற்காக எழுதுகிறீர்கள்?

இதற்கு விடை இல்லாமல் எடிட்டரைத் திறக்காதீர்கள். பொதுவாக மூன்று காரணங்கள்தான் இருக்கும்.

கணினி உள்ளே எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்வது ஒன்று. அப்படியானால் குறுக்கீடு, பேஜிங் (நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்துக் கையாள்வது), செயல்முறை மாற்றம் ஆகியவற்றை நீங்களே எழுதியாக வேண்டும். கற்றுக்கொள்ள வந்துவிட்டு அதையே கடன் வாங்கினால் என்ன பயன்?

இரண்டாவது, ஒரு புதிய யோசனையைச் சோதிப்பது: கோப்புகளே இல்லாத சேமிப்பு, புதுவிதமான அனுமதி முறை, வேறொரு மொழியில் எழுதிய கர்னல் இப்படி. இங்கே அந்த யோசனை குடியிருக்கும் அடுக்கை மட்டும் எழுதுங்கள். மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தாலும் சரி.

மூன்றாவது, ஒரு கருவிக்கோ பொருளுக்கோ இயங்குதளம் தேவைப்படுவது. இந்தக் காரணம் என்றால் கர்னல் எழுதவே எழுதாதீர்கள். ஆப்பிளே எழுதவில்லை. தங்கள் பழைய இயங்குதளத்துக்கு மாற்றாக உள்ளேயே உருவாக்கிய கோப்லண்ட் திட்டத்தை 1996-இல் கைவிட்டு, நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கினார்கள். 2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸின் அடித்தளம் மாக் கர்னலும் யூனிக்ஸ் வழிவந்த பிஎஸ்டி நிரலும் சேர்ந்த கலவை. ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கர்னலை எடுத்துக்கொண்டு, சி நூலகத்தை பயோனிக் என்ற பெயரில் தனியாக உருவாக்கிக்கொண்டது.

"என்னுடைய இயங்குதளத்தில் இது ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கும்" என்று ஒரே வாக்கியம் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு வாக்கியம் தேவைப்பட்டால் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

படி 2: அடுக்குகளுக்குக் குறியிடுங்கள்

மேலே சொன்ன அடுக்குகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் "எழுதுவேன்", "இரவல்", "இப்போது வேண்டாம்" ஆகிய மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். மூன்றாவதுதான் அதிகம் இருக்க வேண்டும். யூஎஸ்பி, ஒலி, வைஃபை, பல சிபியு ஆதரவு எல்லாம் முதல் வருடத்தில் அங்கேயே கிடக்கட்டும். "எழுதுவேன்" என்பதில் நான்கு அடுக்குக்கு மேல் விழுந்தால் அகலக்கால் வைக்கிறீர்கள்.

படி 3: பட்டறையைத் தயார் செய்யுங்கள்

உங்கள் கணினியிலுள்ள சாதாரணக் கம்பைலர், அந்தக் கணினியின் இயங்குதளத்துக்கு நிரல் தயாரிப்பது. அதை வைத்துக் கர்னல் கட்டினால் கண்ணுக்குத் தெரியாத பல அனுமானங்கள் உள்ளே நுழைந்துவிடும். எந்த இயங்குதளத்தையும் சாராத குறுக்குக் கம்பைலர் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு மாலை வேலை.

ஓட்டிப் பார்க்க, ஒரு கணினியைப் போலவே நடிக்கும் கியூஎம்யூ எமுலேட்டர் போதும். நிஜக் கணினியில் கர்னல் தடுக்கி விழுந்தால் திரை இருண்டு மறுபடி பூட் ஆகும், அவ்வளவுதான். ஒரு பிழையைக் கையாளும்போது இன்னொரு பிழை, அதைக் கையாளும்போது மூன்றாவது என்று போனால் சிபியு தன்னையே ரீசெட் செய்துகொள்ளும். இதற்கு டிரிபிள் ஃபால்ட் என்று பெயர். கியூஎம்யூவில் மறுபூட்டை நிறுத்தி, நடந்த குறுக்கீடுகளையெல்லாம் பதிவு செய்யச் சொல்லலாம். ஜிடிபி என்ற டீபக்கரை (பிழை தேடும் கருவியை) இணைத்து ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தவும் முடியும்.

திரையில் எழுத்து வருவதற்கு முன்பே சீரியல் போர்ட்டுக்கு (எழுத்துகளை வரிசையாக வெளியே அனுப்பும் இணைப்புக்கு) எழுதும் செயற்கூறு ஒன்றை எழுதிவிடுங்கள். இருபது வரிதான். பின்னால் கிராஃபிக்ஸ் குளறுபடியானாலும் என்ன நடந்தது என்று சொல்ல அது ஒன்றுதான் மிஞ்சும்.

படி 4: பூட்லோடரை இரவல் வாங்குங்கள்

இதில் எனக்குச் சமரசமே இல்லை. கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய பயாஸ் முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகள் மட்டும் நினைவகத்துக்கு ஏற்றப்படும். அதற்குள் 16 பிட் நிலையில் ஓடி, மிச்சத்தை வட்டிலிருந்து படித்து, சிபியுவை 32 பிட்டுக்கும் பிறகு 64 பிட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். சுவாரசியமான புதிர்தான். ஆனால் அங்கே கற்றுக்கொள்ளும் எதுவும் கர்னலுக்குள் உதவாது. பயாஸின் இடத்துக்கு யூஇஎஃப்ஐ வந்தபிறகு அந்த முறையே பழங்கதையாகிவிட்டது.

கிரப் அல்லது லிமைன் என்ற தயார் பூட்லோடரை எடுத்துக்கொள்ளுங்கள். 64 பிட் கர்னலுக்கு லிமைன் வசதி. சிபியுவை 64 பிட் நிலையில் வைத்து, நினைவக வரைபடத்தையும் திரைக்கான ஃபிரேம்பஃபரையும் (திரையில் தெரிய வேண்டியதை எழுதும் நினைவகப் பகுதியையும்) கையில் கொடுத்துவிடும். கர்னல் கோப்பில் சின்ன அடையாளம் ஒன்றைச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை.

படி 5: குறுக்கீடும் நினைவகமும், இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

பெரும்பாலானவர்களுக்கு "எழுதுவேன்" என்ற குறி முதலில் விழ வேண்டிய இடம் இது. யாரிடமிருந்து வாங்கினாலும் இந்த அடுக்கு பொருந்தாது. நினைவகத்தை எப்படிப் பகிர்கிறீர்கள் என்பதுதான் கர்னலின் குணத்தையே தீர்மானிக்கிறது.

முதலில் குறுக்கீட்டு அட்டவணை. சிபியு தரும் பிழைகளுக்கு முதல் 32 எண்கள் ஒதுக்கப்பட்டவை. பழைய குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியோ தன் முதல் எட்டு சிக்னல்களை 8 முதல் 15 வரையுள்ள எண்களில் அனுப்புகிறது. எண் 8 என்பது டபுள் ஃபால்ட், அதாவது ஒரு பிழையைக் கையாளும்போது வரும் இரண்டாவது பிழை. எனவே கட்டுப்படுத்தியை 32-க்கு மேல் நகர்த்தாமல் குறுக்கீடுகளைத் திறந்துவிட்டால், டைமரின் முதல் துடிப்பே பயங்கரப் பிழையாக வந்து நிற்கும். நிரலில் எந்தத் தவறும் இல்லாமல் நாள் முழுக்கத் தேட வைக்கிற விஷயம் இது.

எக்ஸ்86 64 பிட்டில் இன்னொரு கண்ணி, ரெட் ஸோன். ஸ்டேக்கின் (செயற்கூறுகளின் தற்காலிக நினைவகத்தின்) முனைக்குக் கீழே உள்ள 128 பைட்டுகளை அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம் என்று கம்பைலர் நினைத்துக்கொள்கிறது. சாதாரண நிரலுக்கு அது சரி. கர்னலுக்குள் குறுக்கீடு வந்தால் சிபியு அதே இடத்தில்தான் தன் தகவல்களைத் தள்ளும். விளைவு, எப்போதாவது ஒருமுறை ஒரு மாறியின் மதிப்பு தானாக மாறும். எனக்கு இது மூன்று வாரத்தைத் தின்றது. தீர்வு, ரெட் ஸோனைப் பயன்படுத்தாதே என்று கம்பைலருக்கு ஒரே ஒரு விருப்பம் கொடுப்பது. இன்றே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் நினைவகம். பூட்லோடர் தரும் வரைபடத்தைப் பார்த்தால் நினைவகம் தொடர்ச்சியாக இல்லாமல் ஓட்டைகளோடு இருப்பது தெரியும். பயன்படுத்தக்கூடிய பகுதிகளை 4096 பைட் பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பிட் என்று கணக்கு வையுங்கள். 4 ஜிபிக்கு 10,48,576 பக்கங்கள். கணக்குப் புத்தகத்துக்கு 128 கேபி போதும். இதைவிடச் சாமர்த்தியமான முறைகள் நிறைய உண்டு. இப்போதைக்கு வேண்டாம்.

அதன்மேல் பக்க அட்டவணைகள். வழக்கமான நான்கு நிலை முறையில் ஒவ்வொரு நிலையிலும் 512 பதிவுகள். கர்னலை முகவரி வெளியின் மேல் பாதியில் வையுங்கள். கீழ்ப் பாதி முழுக்கப் பயனர் நிரல்களுக்கு. இதைத் தள்ளிப்போட்டால் பிற்பாடு எல்லா முகவரிகளையும் மாற்ற வேண்டியிருக்கும். கடைசியாக, கர்னலுக்குள் சிறு துண்டுகளை ஒதுக்கும் ஹீப். இரவல் வாங்கிய நிரல்கள் எல்லாம் வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான்.

படி 6: யூனிக்ஸ் போலவா, வேறு மாதிரியா?

செயல்முறைகளை மாற்றி மாற்றி ஓட்டுவது, பயனர் நிலைக்கு இறங்குவது ஆகியவை தெளிவாக ஆவணப்படுத்தப்பட்டவை. சுற்றுமுறைப்படி ஒவ்வொன்றுக்கும் சில மில்லிவினாடி கொடுக்கும் எளிய ஷெட்யூலர் நூறு வரிக்குள் அடங்கும். உட்கார்ந்து யோசிக்க வேண்டியது சிஸ்டம் கால்களை, அதாவது நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை. இந்த முழுத் திட்டத்திலும் பெரிய இரவல் முடிவு இங்கேதான் எடுக்கப்படுகிறது. ஆனால் ஒரு வரி நிரல்கூடக் கைமாறாததால் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை.

உங்கள் கர்னல் ஃபோர்க், ஓபன், ரீட், ரைட் என்று, லினக்ஸ் பின்பற்றும் பழைய இயங்குதளமான யூனிக்ஸின் மொழி பேசினால் பல பத்தாண்டு மென்பொருள் உங்கள் வாசலில் வந்து நிற்கும். கம்பைலர், எடிட்டர், ஷெல் எல்லாம் சிறு திருத்தத்தோடு ஓடும். ஜிசிசியும் பாஷும் லினக்ஸில் தொடக்கத்திலேயே ஓடியதற்கு அதுதான் காரணம். வேறு மொழி பேசினால் எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டும். டெம்பிள்ஓஎஸ் எழுதிய டெர்ரி டேவிஸ் அந்தப் பாதையில்தான் போனார். தனக்கென ஒரு மொழி, கம்பைலர், 640-க்கு 480 அளவில் 16 நிறத் திரை, இணையமே இல்லை. ஒரே மனிதர் செய்தார் என்பது வியப்பூட்டும், ஆனால் அதற்குப் பத்தாண்டுக்கு மேலான உழைப்பு போயிற்று.

நடுவழியும் உண்டு. கர்னலுக்குள் உங்கள் இஷ்டப்படி வடிவமைத்துவிட்டு, யூனிக்ஸ் முகத்தை சி நூலகத்தில் வரையலாம். ரஸ்ட் மொழியில் எழுதப்படும் ரெடாக்ஸ், ரெலிப்சி என்ற சொந்த நூலகத்தால் இதைச் செய்கிறது. புதிய யோசனையைச் சோதிக்க வந்தவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

படி 7: இரவல் நிரலைக் கொண்டுவருவது

ஒரு நிரல் இரவலுக்கு ஏற்றதா என்று பார்க்க, "அது என்னிடம் என்ன கேட்கிறது?" என்று எண்ணிப் பாருங்கள். ஃபேட்எஃப்எஸ் என்ற சிறு கோப்பு முறைமை நூலகம் கேட்பது ஐந்தாறு செயற்கூறுகள்: வட்டைத் தயார் செய், நிலை சொல், படி, எழுது, இதர கட்டளை. ஒரு நாளில் முடியும். நியூலிப் சி நூலகம் சுமார் 20 கேட்கும். பாதியை வெறும் பிழை திருப்பிவிடும்படி விடலாம். மஸ்ல் நூலகம் லினக்ஸின் சிஸ்டம் கால்களையே எதிர்பார்க்கிறது. இணையத்துக்கு எல்டபிள்யூஐபி நூலகம். கணினியின் மின்சாரத்தை ஒழுங்காக நிறுத்தவே ஏசிபிஐ என்ற தரநிலை வேண்டும். அதற்குள் ஒரு பைட்கோடு மொழியே இருப்பதால் இன்டெல் தொடங்கிய ஏசிபிஐசிஏ போன்ற நூலகம் இல்லாமல் தலையைக் கொடுக்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான குணம் ஒன்று உண்டு. மறுபக்கம் ஒரு தரநிலை உட்கார்ந்திருக்கிறது. ஃபேட் வட்டு அமைப்பும் இணையத்தின் டிசிபி நெறிமுறையும் நீங்கள் எழுதினாலும் அதே மாதிரிதான் இருக்கும். அங்கே உங்கள் கருத்துக்கு இடமில்லை. ஆகவே இழப்பதற்கும் ஒன்றுமில்லை.

செயற்கூறுகளின் எண்ணிக்கை பாதிக் கதைதான். எழுதப்படாத அனுமானங்கள் மீதிப் பாதி. குறுக்கீட்டுக்குள்ளிருந்து இதை அழைக்கலாமா? பூட்டு பிடித்தபடி தூங்குமா? ஒரே நேரத்தில் இரண்டு இழைகள் (இணையாக ஓடும் வேலைகள்) நுழைந்தால் என்ன ஆகும்? எல்டபிள்யூஐபியின் மையப் பகுதி ஒரே இழையிலிருந்து அழைக்கப்படுவதற்காக எழுதப்பட்டது. ஆவணத்தில் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். நான் படிக்காமல் நெட்வொர்க் குறுக்கீட்டிலிருந்து நேரே அழைத்தேன். பிங் என்ற சிறு இணைப்புச் சோதனை அழகாக ஓடியது. கொஞ்சம் பெரிய கோப்பை இறக்கியதும் உள்ளே இருந்த பட்டியல் தன் வாலையே கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. குறுக்கீட்டில் பாக்கெட்டை ஒரு வரிசையில் போட்டுவிட்டு, தனி இழை ஒன்று எடுத்து நூலகத்துக்குக் கொடுக்கும்படி மாற்றியதும் சரியானது.

இரவல் நிரல் எல்லாம் தனிக் கோப்புறையில், எந்தப் பதிப்பு என்ற குறிப்போடு இருக்கட்டும். அதைத் திருத்தவே கூடாது. திருத்தித்தான் ஆக வேண்டுமென்றால் மாற்றங்களை மட்டும் கொண்ட பேட்ச் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இடையில் உள்ள ஒட்டு நிரல் மட்டும் உங்கள் கோப்புறையில். புதிய பதிப்பு வரும் நாளில் இந்த ஒழுங்கின் அருமை தெரியும்.

படி 8: டிரைவர்கள்

லினக்ஸ் கர்னல் 3 கோடி வரிகளைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள். இந்தப் போட்டியில் நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. கியூஎம்யூ தரும் விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் சாதனங்களுக்கு எழுதுங்கள். ஒரே வரிசை அமைப்பைப் புரிந்துகொண்டால் வட்டு, நெட்வொர்க் இரண்டும் வந்துவிடும். நிஜக் கணினிக்குப் போகும்போது என்விஎம்இ சேமிப்பு ஓரளவு சுத்தமான தரநிலை. திரைக்கு யூஇஎஃப்ஐ தந்த ஃபிரேம்பஃபரே போதும்.

பிறர் டிரைவரைக் கொண்டுவர முடியாதா? முடியும், ஆனால் டிரைவர் தன் கர்னலையே வீட்டோடு கூட்டிக்கொண்டு வரும். அதன் பூட்டுகள், டைமர்கள், நினைவக ஒதுக்கீடு எல்லாம் வேண்டும் என்று அடம்பிடிக்கும். பீஓஎஸ் என்ற பழைய இயங்குதளத்தை மறு ஆக்கம் செய்யும் ஹைக்கு திட்டம் இதை அழகாகக் கையாண்டது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் கர்னல் போலவே நடிக்கும் ஓர் அடுக்கை எழுதி, அதன் நெட்வொர்க் டிரைவர்களை அப்படியே ஓட வைத்தார்கள். நடிப்பு அடுக்கை எழுதவே நல்ல உழைப்பு வேண்டும். ஓரிரு டிரைவருக்காக அது கட்டுப்படியாகாது. ஹைக்குவின் கர்னலும் நியூஓஎஸ் என்ற இன்னொரு திட்டத்திலிருந்து கிளைத்ததுதான். அப்படியிருந்தும் 2001-இல் தொடங்கிய திட்டத்தின் முதல் பீட்டா 2018-இல்தான் வந்தது. இரவல் வேலையைக் குறைக்கும், இல்லாமல் செய்துவிடாது.

படி 9: உரிமம்

சுருக்கமாக: எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் வைத்திருக்கச் சொல்கின்றன, அவ்வளவுதான். லினக்ஸின் உரிமமான ஜிபிஎல்லின் கீழ் வரும் நிரலைக் கர்னலோடு இணைத்து வெளியிட்டால் முழுக் கர்னலையும் ஜிபிஎல்லின் கீழ் தர வேண்டிவரும். தப்பில்லை, ஆனால் முதல் நாளே தெரிந்து செய்ய வேண்டும். லினக்ஸ் டிரைவரைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர்களை மாற்றித் தட்டச்சு செய்வதும் நகலெடுப்புதான். வன்பொருள் ஆவணத்தைப் படித்து எழுதுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் வீட்டை இடித்துக் கட்டுவது

அடியிலிருந்து தொடங்காமல், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எடுத்து மாற்றுவது இன்னொரு பாதை. கற்பதற்கு எக்ஸ்வி6. யூனிக்ஸின் ஆறாம் பதிப்பை ஒட்டி எம்ஐடி மாணவர்களுக்காக எழுதியது. சில நாளில் முழுதும் படித்துவிடலாம். ஷெட்யூலரை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. சொந்தமாக ஒரு லினக்ஸ் அமைப்பு வேண்டும், கர்னலில் ஆர்வமில்லை என்றால், அதைக் கட்டித் தரும் பில்ட்ரூட் என்ற கருவி போதும்.

இந்தப் பாதையின் ஆபத்து வேறு. அடித்தளத்தின் முடிவுகள் எல்லாம் கூடவே வரும். குனு திட்டம் 1990-இல் ஹர்ட் என்ற கர்னலைத் தொடங்கியபோது, மாக் மைக்ரோகர்னல் (பெரும்பாலான வேலைகளைத் தனித்தனி சர்வர் நிரல்களுக்கு விட்டுவிடும் சிறு கர்னல்) தயாராக இருக்கிறதே, வேலை சீக்கிரம் முடியும் என்று கணக்குப் போட்டார்கள். முதலில் அதன் உரிமத்துக்குக் காத்திருந்தார்கள். பிறகு ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் பல சர்வர்களைப் பிழை நீக்குவது நினைத்ததைவிடக் கடினமாகிவிட்டது. ஹர்ட் 1.0 இன்றுவரை வரவில்லை. எனவே எதையாவது அடித்தளமாக எடுக்குமுன், படி 1-இல் சுவரில் ஒட்டிய வாக்கியத்துக்கு எதிராக அது ஏற்கெனவே முடிவெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். நினைவகத்தை ஒதுக்கும் முறையே உங்கள் புதுமை என்றால், அதைத் தீர்மானித்துவிட்ட கர்னலை எடுத்து ஒரு வருடம் சண்டை போடுவதைவிட வெறும் கோப்பில் தொடங்குவது லேசு.

இரவலைத் திருப்பிக் கொடுக்கும் நேரம்

முதல் சுற்றில் ஷெல் வரவேண்டும். அதில் ஒரு நிரலை வட்டிலிருந்து ஏற்றி ஓட்டவும், அது முடிந்தபின் ஷெல்லுக்குத் திரும்பவும் முடிய வேண்டும். அதுவரை எதையும் அழகுபடுத்தாதீர்கள். அங்கே வந்தபின், ஆசைப்பட்டால், இரவல் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கோப்பு முறைமையிலிருந்து தொடங்குவது நல்லது. ஃபேட்எஃப்எஸுக்கும் கர்னலுக்கும் இடையே நீங்கள் எழுதிய எல்லை அப்படியே இருக்கும். அதன் பின்னால் உங்களுடையதை வைத்து, ஒரே வட்டுப் படிமத்தை இரண்டாலும் படித்துப் பாருங்கள். ஆழமான கோப்புறைகள், பூஜ்ய பைட் கோப்புகள், வட்டு நிரம்பிய நிலை எல்லாவற்றையும் சோதியுங்கள். ஒவ்வொரு கோப்பின் செக்சமும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) இரண்டிலும் ஒத்துப்போகிற அன்று, இரவல் கோப்புறையை அழித்துவிடலாம்.